ஆளுக்கு ஆள் திறமை வேறு என்றால் சமத்துவம் பேசுவதில் என்ன அர்த்தம்?

கேள்வி கேட்டவர் கோலாலம்பூரில் இருக்கும் ஒரு தகப்பனார். அவர் எழுதியதைச் சுருக்கிச் சொல்கிறேன். மனிதர்கள் பிறவியிலேயே ஒருவரைப் போல் ஒருவர் இல்லை, ஒருவருக்குக் கணக்கு வரும், இன்னொருவருக்கு எவ்வளவு சொல்லிக்கொடுத்தாலும் வராது, வள்ளுவரே ‘சிறப்பொவ்வா’ என்று சொல்லிவிட்டார், அப்புறம் சமூகநீதி, சமத்துவம் என்று பேசுவதெல்லாம் கெட்டிக்காரனிடமிருந்து பிடுங்கி மற்றவனுக்குக் கொடுப்பதற்கு வைத்த நல்ல பெயர்தானே, தத்துவத்தில் இதற்கு ஒழுங்கான பதில் இருக்கிறதா என்று கேட்கிறார். கூடவே இரண்டு வருத்தங்களையும் சொல்லியிருக்கிறார். மகள் ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் எஸ்.பி.எம். அரசுத் தேர்வில் 9 ஏ எடுத்தும், பல்கலைக்கழகத்துக்கு முந்தைய அரசுப் படிப்பான மெட்ரிகுலேஷன் கிடைக்கவில்லை. அதன் பிறகு ஒரு சமூக அமைப்பின் உபகாரச் சம்பளத்துக்கு விண்ணப்பித்தார்கள், அதுவும் அவளைவிடக் குறைவாகப் புள்ளி வாங்கிய ஒரு தோட்டத்துப் பிள்ளைக்கு, தோட்டத் தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளைக்கு, போய்விட்டது. மகளை ஆறாம் படிவத்தில் சேர்த்து எஸ்.டி.பி.எம். பரீட்சைக்குப் படிக்கவைக்கப் பயமாக இருக்கிறது என்றும் எழுதியிருக்கிறார். கீழே பதில் எழுதியவர்களில் பாதிப் பேர் இவரைத் திட்டினார்கள், மீதிப் பேர் அரசாங்கத்தைத் திட்டினார்கள், கேள்வியை யாரும் தொடவில்லை. உண்மையில் அவர் கேட்டது ஒரு கேள்வி இல்லை, மூன்று: மனிதர்கள் வேறுபட்டவர்களா, வேறுபட்டவர்கள் என்றால் சமத்துவம் பொய்யா, என் மகளுக்கு நடந்தது அநியாயமா. மூன்றும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால்தான் பேச்சு எங்கும் போய்ச் சேருவதில்லை.

நான் படித்ததும், ஒரு தனியார் கல்லூரியில் பல வருஷம் சொல்லிக்கொடுத்ததும் அறவியலும் அரசியல் தத்துவமும். அதோடு ஒரு சின்னக் கல்வி நிதியின் தேர்வுக் குழுவிலும் நெடுநாள் உட்கார்ந்திருக்கிறேன். மரபியல் என் துறை இல்லை. அதைப் பற்றிப் பேசும் இடத்தில், ஊன்றிப் படிக்கும் ஒரு வாசகன் சொல்வதாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் கேள்விக்குப் பதில் சுலபம். வேறுபட்டவர்கள்தான். சமத்துவம் கேட்டவர்களில் ‘எல்லாரும் ஒரே மாதிரி’ என்று சொன்ன பெரிய சிந்தனையாளர் யாரையும் காட்டுவது கஷ்டம். மார்க்ஸ்கூட 1875ல் ஜெர்மன் தொழிலாளர் கட்சியின் திட்டத்தை விமர்சித்து எழுதும்போது, ஒருவன் உடல் வலுவும் மூளை வலுவும் கூடியவன், ஒருவனுக்குக் கல்யாணமாகிப் பிள்ளைகள் இருக்கும், இன்னொருவனுக்கு இருக்காது, இவர்களை ஒரே அளவுகோலால் அளந்தால் வருவது ஏற்றத்தாழ்வுதான் என்கிறார். அம்பேத்கர் இன்னும் நேராக இந்தக் கேள்வியையே எடுத்துக்கொள்கிறார். 1936ல் லாகூரில் பேசுவதற்காக எழுதி, ஏற்பாட்டாளர்கள் பின்வாங்கியதால் பேசாமலே அச்சான அந்த உரையில், மனிதர்கள் சமமில்லை என்ற எதிர்வாதத்தை முதலில் ஒப்புக்கொள்கிறார். ஒருவருடைய ஆற்றல் மூன்று வழியில் வருகிறது: உடலோடு பிறந்தது, குடும்பமும் சமூகமும் கொடுத்தது, தானே முயன்று சேர்த்தது. மூன்றிலும் ஆளுக்கு ஆள் வித்தியாசம் உண்டு, சந்தேகமே இல்லை. ஆனால் வித்தியாசம் இருப்பதால் வித்தியாசமாக நடத்தத்தான் வேண்டுமா என்று அடுத்து கேட்கிறார். முயற்சியில் உள்ள வித்தியாசத்துக்காக என்றால் சரி. முதல் இரண்டையும் வைத்து நடத்தினால் நல்ல குடும்பம், நல்ல படிப்பு, காசு, பேர் இருப்பவன்தான் எப்போதும் ஜெயிப்பான், அது திறமைசாலியைத் தேர்ந்தெடுப்பது ஆகாது, வசதிக்காரனைத் தேர்ந்தெடுப்பதுதான் என்கிறார். ஏறக்குறைய 90 வருஷம் ஆகிறது, உங்கள் கேள்விக்கு அதைவிடச் சுருக்கமான பதிலை நான் படித்ததில்லை.

வள்ளுவரை நீங்கள் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். ‘பிறப்பொக்கும் எல்லா உயிர்க்கும் சிறப்பொவ்வா செய்தொழில் வேற்றுமை யான்’ என்பது முழுக் குறள். சிறப்பு ஒவ்வாது என்கிறார், சரி. ஆனால் எதனால் ஒவ்வாது? செய்கிற தொழிலால். பிறப்பில் இல்லை என்பதை முதல் வரியிலேயே சொல்லி முடித்துவிட்டுத்தான் அடுத்ததற்கு வருகிறார். அதற்காக அவரை இன்றைய கல்லூரி இடப் பங்கீட்டுக்குச் சாட்சியாகக் கூப்பிடவும் எனக்கு விருப்பமில்லை, மேடையில் அடிக்கடி கூப்பிடுகிறார்கள், அது வேறு கதை.

இரண்டாவது கேள்விக்கு வருவோம், கொஞ்சம் நேரம் எடுக்கும். 1979ல் பொருளாதார அறிஞர் அமார்த்தியா சென் ஒரு சொற்பொழிவில் எதில் சமத்துவம் என்று ஒரு கேள்வி கேட்டார், அதற்குப் பிறகு இந்த விவாதத்தின் போக்கே மாறிவிட்டது. அவர் காட்டியது என்னவென்றால், சமத்துவத்துக்கு எதிரி என்று நாம் நினைக்கிறவர்களும் ஏதோ ஒன்றில் சமத்துவம் கேட்கிறவர்களே. அரசு யாரிடமிருந்தும் எடுத்து யாருக்கும் கொடுக்கக் கூடாது என்று வாதாடிய ராபர்ட் நோசிக் சொத்துரிமையில் எல்லாருக்கும் சமம் கேட்கிறார். மொத்த மகிழ்ச்சியைக் கூட்டிப் பார்க்கும் பயன்வாதிகள் ஒவ்வொருவரின் மகிழ்ச்சிக்கும் ஒரே எடை கேட்கிறார்கள். மனிதர்கள் வேறுபட்டவர்களாக இருப்பதால் ஒன்றில் சமமாக்கினால் இன்னொன்றில் சமமில்லாமல் போகும், அதனால் எதில் என்று தேர்ந்தெடுத்தே ஆகவேண்டும். மாதம் 300 ரிங்கிட் என்று இரண்டு மாணவர்களுக்கும் ஒரே தொகை கொடுக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒரு பிள்ளை வீட்டு வாசலில் எல்.ஆர்.டி. ரயில் ஏறிக் கல்லூரிக்குப் போய்விடும், இன்னொரு பிள்ளைக்குப் பஸ்ஸே வராத இடத்தில் வீடு, அதனால் அறை எடுத்துத் தங்கவேண்டும், ஒரு பிள்ளைக்குக் கைச்செலவாக இருக்கிற அதே 300 இன்னொரு பிள்ளைக்கு அறை வாடகைக்கே போதாது. ஆக, வேறுபாடு இருக்கிறது என்பது சமத்துவத்தை ரத்து செய்யவில்லை, அதைக் கணக்குப் போடக் கஷ்டமாக்குகிறது, அவ்வளவுதான்.

உங்கள் வருத்தத்தையே எடுத்துப் பாருங்கள். அதே 9 ஏ எடுத்த இன்னொரு பிள்ளைக்குத் திறந்த கதவு என் பிள்ளைக்கு ஏன் திறக்கவில்லை என்பதுதானே அது? சமமானவர்களைச் சமமாக நடத்து என்று அரிஸ்டாட்டில் சொன்னதைத்தான் நீங்களும் கேட்கிறீர்கள். சமத்துவத்தின் பேரில் புகார் செய்துகொண்டே சமத்துவம் பொய் என்று சொல்ல முடியாது. இதைக் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. உங்கள் புகாருக்கு இருக்கிற பலமே அதில்தான் இருக்கிறது, அதை நீங்களே தட்டிவிடுகிறீர்கள்.

இப்போது ‘பிறவித் திறமை’. இதில் உறுதியான பகுதி ஒன்று, சந்தேகமான பகுதி ஒன்று, வெறும் வாய்ப்பேச்சு ஒன்று. ஆளுக்கு ஆள் இருக்கும் வித்தியாசங்களில், உயரத்திலோ படிப்பிலோ, மரபணுவுக்குப் பங்கு உண்டு என்பது இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வந்திருக்கிறது, அதை மறுப்பதில் லாபம் இல்லை. ஆனால் மரபணுவுக்குப் பங்கு உண்டு என்றால் மாற்றவே முடியாது என்று நினைத்துக்கொள்கிறோமே, அங்கேதான் சறுக்கல். கிட்டப்பார்வை வம்சத்தில் வருவது, பெற்றோர் இருவருக்கும் இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு அதிகம். அதே கிட்டப்பார்வை சிங்கப்பூர் போன்ற ஆசிய நகரங்களில் ஒன்றிரண்டு தலைமுறையில் தாறுமாறாகக் கூடிவிட்டது, மரபணு அவ்வளவு வேகமாக மாறாது, பிள்ளைகள் வெளிச்சத்தில் விளையாடாமல் வீட்டுக்குள்ளேயே வளர்வது ஒரு முக்கியக் காரணம் என்கிறார்கள். வந்த பிறகும் ஒரு கண்ணாடி போட்டால் முடிந்தது. அறிவுத்திறன் சோதனைகளிலும் இப்படித்தான், 1980களில் ஜேம்ஸ் ஃபிளின் என்ற ஆய்வாளர் பல நாட்டுக் கணக்குகளைச் சேர்த்துக் காட்டினார், பத்து வருஷத்துக்குச் சுமாராக 3 புள்ளி என்ற கணக்கில் சராசரி ஏறிக்கொண்டே வந்திருக்கிறது. தாத்தாவுக்கும் பேரனுக்கும் அதற்குள் என்ன புது மரபணு வந்துவிடப் போகிறது?

ஒரு குறிப்பிட்ட பிள்ளையின் 9 ஏவில் எவ்வளவு பிறவி, எவ்வளவு டியூஷன், எவ்வளவு ராத்திரி விழிப்பு என்று பிரித்துச் சொல்ல முடியுமா? முடியாது. அந்தக் கேள்விக்கு அர்த்தமே இல்லை என்கிறவர்களும் உண்டு, எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. இன்ன கூட்டத்தாருக்கு இயற்கையாகவே படிப்பு வரும், இன்ன கூட்டத்தாருக்கு வராது என்பதுதான் நான் சொன்ன வாய்ப்பேச்சு. ஒரு குழுவுக்குள் இருக்கும் வித்தியாசத்தில் மரபணுவுக்குப் பங்கு இருப்பதை வைத்து இரண்டு குழுக்களுக்கு இடையே இருக்கும் வித்தியாசத்துக்குக் காரணம் சொல்ல முடியாது, மரபியலாளர் ரிச்சர்ட் லெவொன்டின் 1970லேயே இதை விளக்கிவிட்டார். ‘தோட்டத்துப் பிள்ளைகளுக்கு மண்டையில் ஏறாது’ என்று நம் ஆட்களே சொல்லி நான் கேட்டிருக்கிறேன். அன்றைய மலாயாவின் 1923 தொழிலாளர் சட்டப்படி பள்ளி வயதில் பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்டம் ஒரு பள்ளிக்கூடம் வைக்கவேண்டும், அந்தக் கடமையைக் கழிக்க ஒரு கொட்டகையும் ஒரே ஒரு வாத்தியாருமாக வைத்த இடங்கள் எத்தனையோ. அதில் படித்து மேலே வராதது மண்டையின் கோளாறா?

சரி, திறமை எங்கிருந்து வந்தாலும் வந்துவிட்டது, அதற்கான பலன் எனக்குத்தானே சேரவேண்டும் என்பீர்கள். 1971ல் அமெரிக்கத் தத்துவவாதி ஜான் ரால்ஸ் இதை மறுத்தார். எந்த வீட்டில் பிறப்பது என்பதை எப்படி நான் சம்பாதிக்கவில்லையோ, எந்த மூளையோடு பிறப்பது என்பதையும் நான் சம்பாதிக்கவில்லை, அதனால் அதிலிருந்து வரும் ஏற்றத்தாழ்வு, கடைசியில் நிற்பவருக்கும் நன்மை தரும்படி அமைந்தால்தான் நியாயம் என்றார். கவனியுங்கள், எல்லாருக்கும் ஒரே கூலி என்று அவர் சொல்லவில்லை, டாக்டருக்கு அதிகச் சம்பளம் கொடுப்பதால் ஏழைக்கும் நல்ல வைத்தியம் கிடைக்கிறது என்றால் கொடுக்கலாம். மூன்றே வருஷத்தில், 1974ல், நோசிக் பதில் கொடுத்தார்: என் திறமையை நான் சம்பாதிக்கவில்லை என்பதால் அது ஊர்ச் சொத்தாகிவிடாது, என் கண்ணையும்தான் நான் சம்பாதிக்கவில்லை, அதற்காக அதை எடுத்துக் குருடனுக்குக் கொடுப்பாயா?

வகுப்பில் இந்த இடத்தில் மாணவர்கள் இரண்டாகப் பிரிந்து சண்டை போடுவார்கள், எனக்குப் பிடித்த வாரம் அதுதான். என் அபிப்பிராயம், நோசிக்குக்குப் பாதி வெற்றி. என் திறமை என்னுடையதுதான், அதை யாரும் பிடுங்கக் கூடாது. ஆனால் அந்தத் திறமைக்கு என்ன விலை என்பதை நான் நிர்ணயிக்கவில்லை. பால்மரம் வெட்டுவது, அதாவது ரப்பர் மரத்தின் பட்டையைச் சீவிப் பால் எடுப்பது, லேசான வேலை என்று நினைப்பவர்கள் ஒருநாள் கத்தியைப் பிடித்துப் பார்க்கவேண்டும், பட்டையை மெல்லிசாகச் சீவவேண்டும், ஆழம் கொஞ்சம் கூடினால் மரம் காயப்பட்டு அந்த இடத்தில் பட்டை ஒழுங்காக வளராது, ஆழம் குறைந்தால் பால் வராது, இதை விடியற்காலை இருட்டில், நெற்றி விளக்கு வெளிச்சத்தில், மரம் மரமாக நூற்றுக்கணக்கில் செய்யவேண்டும். அந்தக் கைக்கு அன்று தோட்டத்துரை ஒரு விலை வைத்தார். பிறகு ரப்பருக்குப் பதில் செம்பனை (எண்ணெய்ப் பனை) வந்தது, விலையே இல்லாமல் போயிற்று, கை மட்டும் அப்படியே இருந்தது. தடையற்ற சந்தைக்காக வாதாடியவர்களில் பெரியவரான ஹையக்கே 1960ல் இதை ஒளிக்காமல் எழுதினார்: சந்தை கொடுப்பது ஒருவருடைய தகுதிக்கான பரிசு இல்லை, மற்றவர்களுக்கு அவர் வேலை என்ன பெறும் என்பதற்கான விலை. அதனால் இது நம் முயற்சிக்குக் கிடைத்த பரிசு என்று மார்தட்டிக்கொள்வதற்கு வலதுசாரித் தத்துவத்திலும் ஆதாரம் இல்லை.

நியாயமாகப் பார்த்தால் சமத்துவக்காரர்கள் பதில் சொல்லவேண்டிய இடமும் இருக்கிறது. தத்துவவாதி டெரெக் பார்ஃபிட் எழுப்பிய தடை வலுவானது. ஏற்றத்தாழ்வே தன்னளவில் தீமை என்றால், பார்வையுள்ளவர்கள் எல்லாரையும் குருடாக்கினாலும் ஏதோ ஒரு வகையில் உலகம் நன்றாகிவிட்டது என்று சொல்லவேண்டி வரும், இதைச் சரி என்று யார் சொல்வார்கள்? மேலே இருப்பவரை வெறுமனே இறக்குவதால் கீழே இருப்பவருக்கு ஒன்றும் கிடைப்பதில்லை. 1987ல் ஹாரி ஃபிராங்ஃபர்ட் எல்லாருக்கும் போதுமான அளவு இருந்தால் சரி, யாருக்கு எவ்வளவு அதிகம் என்று எட்டிப் பார்ப்பது தனக்கு உண்மையில் என்ன தேவை என்பதிலிருந்து கவனத்தைத் திருப்பிவிடும் என்று வாதாடினார். உங்கள் ‘பிடுங்கிக் கொடுப்பது’ என்ற கோபத்துக்கு இவர்களிடம் ஆதரவு உண்டு. 1999ல் அமெரிக்கப் பேராசிரியர் எலிசபெத் ஆண்டர்சன் கொடுத்த பதில் எனக்குத் திருப்தியானது: சமத்துவத்தின் நோக்கம் பங்கை அளப்பதே இல்லை, ஒருவர் இன்னொருவர் முன்னால் குனிய வேண்டியிராத உறவை உண்டாக்குவது.

இதை விளங்கிக்கொள்ள நமக்கு அமெரிக்கப் பேராசிரியர் தேவையே இல்லை. 1941ல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆர்.எச். நாதன் போன்றவர்கள் முன்னின்று நடத்திய வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளை எடுத்துப் பாருங்கள். சீனத் தொழிலாளிக்குக் கொடுக்கும் கூலியை எங்களுக்கும் கொடு, பிள்ளைகளுக்கு முறையான படிப்பு வேண்டும், பெண்களிடம் அத்துமீறக் கூடாது, தோட்டத்தில் கள்ளுக்கடையை மூடு. அந்த வரிசையில் இன்னொன்றும் இருந்தது. துரையோ கிராணியோ (தோட்ட எழுத்தரோ) எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்கி நிற்கவேண்டும் என்ற வழக்கத்தை நிறுத்தவேண்டும். துரைக்குச் சமமான சம்பளம் கேட்கவில்லை, துரையும் நானும் ஒரே படிப்பு என்றும் சொல்லவில்லை, சைக்கிளில் இருந்து இறங்கமாட்டேன் என்றார்கள். வேறுபாட்டை ஒப்புக்கொண்டே சமத்துவம் கேட்பது எப்படி என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் என்னிடம் இல்லை. நாதனைக் கைது செய்து இந்தியாவுக்கு அனுப்பிவிட்டார்கள், சுட்டதில் தொழிலாளர்கள் செத்தார்கள்.

இனி மூன்றாவது கேள்வி, அதாவது இனவாரி இடப் பங்கீடு. முதலிலேயே ஒன்று, மலாய்க்காரர்களுக்கும் சபா, சரவாக் பூர்வகுடியினருக்கும் (பூமிபுத்ராக்களுக்கு) சிறப்பு நிலை தரும் மலேசிய அரசியலமைப்பின் 153வது பிரிவைக் கேள்வி கேட்பதையே குற்றமாக்கும் சட்டத்துக்கு 1971 திருத்தம் இடம் கொடுத்திருக்கிறது, அது நடைமுறைப்படுத்தப்படும் விதத்தைப் பற்றிப் பேசுவதற்கு மட்டும் அதே இடத்தில் விலக்கும் வைத்திருக்கிறது. நான் அந்த விலக்குக்குள் நின்றே பேசுகிறேன், இங்கே எழுதுகிறவர்களும் வாயை அதற்குள் வைத்துக்கொண்டால் நல்லது.

உங்கள் வாதத்தில் எனக்கு மிகப் பலமாகத் தெரிவது நீங்கள் எழுதாமல் விட்ட பகுதி. தனிமனித வேறுபாடு முக்கியம் என்றால், மனிதர்களைக் கூட்டமாக அள்ளி ஒரே பெயர் வைப்பது தப்பு. அது தாழ்த்துவதற்காக அள்ளினாலும் தப்பு, கைதூக்கி விடுவதற்காக அள்ளினாலும் கொஞ்சம் தப்பு. தனித்தனியாக எடைபோடாமல் பொது விதி வைப்பதற்கு அம்பேத்கர் அதே உரையில் ஒரு சமாதானம் சொன்னார், ஆட்சி நடத்துகிறவன் லட்சக்கணக்கான பேரைப் பார்க்கவேண்டியவன், ஒவ்வொருவரின் தேவையையும் ஆற்றலையும் எடைபோட அவனுக்கு நேரமும் இல்லை, அறிவும் இல்லை, அதனால் ஒரு முரட்டு விதி வேண்டும் என்று. அவர் தேர்ந்தெடுத்த முரட்டு விதி எல்லாரையும் சமமாக நடத்து என்பது. இனமோ சாதியோ வைத்து ஒதுக்குவதும் ஒரு முரட்டு விதிதான், அந்தப் பெயரை வைத்தே மிதித்திருக்கும்போது அந்தப் பெயரை வைத்தே தூக்குவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் முரட்டு விதி என்பதால் அதைச் சீவிக்கொண்டே இருக்கவேண்டும். இந்தியாவில் 1992ல் உச்ச நீதிமன்றம் பிற்படுத்தப்பட்டோரில் வசதியான அடுக்கை ஒதுக்கீட்டிலிருந்து விலக்கச் சொன்னது, தமிழ்நாட்டில் 2009ல் பட்டியல் சாதியினருக்கான 18 சதவீதத்துக்குள் அருந்ததியருக்கு 3 சதவீதம் தனியாக வைத்தார்கள், இரண்டுமே சீவல்தான்.

இங்கே மலேசியாவில் 1969 இனக் கலவரத்துக்குப் பிறகு 1971ல் வந்த புதிய பொருளாதாரக் கொள்கைக்கு எழுதிவைத்த நோக்கம் இரண்டு. இனம் பார்க்காமல் வறுமையை ஒழிப்பது ஒன்று, இன்ன இனம் என்றால் இன்ன தொழில் என்ற அடையாளத்தை அழிப்பது இன்னொன்று. இரண்டாவதைத் திரும்பப் படியுங்கள். தமிழன் என்றால் பால்மரம் என்றிருந்த நாட்டில் அந்த வாசகம் நம்மையும் சேர்த்தே எழுதியது போலத்தான் இருக்கிறது. நடைமுறையில் 1990க்குள் பூமிபுத்ராக்களுக்கு 30 சதவீதப் பங்குடைமை என்ற எண்தான் எல்லார் வாயிலும் நின்றது, எந்த எண்ணை அளக்கிறோமோ அதற்குத்தான் வேலை நடக்கும். அதற்கு மேல், வீட்டு வருமானக் கணக்கெடுப்பில் இந்தியர் சராசரி பூமிபுத்ரா சராசரியைவிட மேலே வரும், டாக்டரும் வக்கீலும் லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) இருந்து துரத்தப்பட்டுப் புறம்போக்கில் குடிசை போட்டவரும் ஒரே கட்டத்தில் கூட்டப்படுவதால் வருகிற சராசரி அது. கூட்டமாக அள்ளினால் ஏழைத் தமிழன் காணாமல் போகிறான். கிளந்தானிலோ சபாவின் உள்ளேயோ இருக்கும் பூமிபுத்ரா ஏழைக்கும் இதே கதிதான், அவர்கள் பெயரில் வருவது பெரும்பாலும் கோலாலம்பூரில் ஏற்கனவே வசதியாக இருப்பவரிடம் முதலில் போய்ச் சேருகிறது என்ற குறையை மலாய் நண்பர்களே என்னிடம் சொல்லியிருக்கிறார்கள்.

ஆக, மெட்ரிகுலேஷன் விஷயத்தில் உங்கள் வருத்தத்துக்கு அடிப்படை இருக்கிறது. 2002 முதல் பல்கலைக்கழக நுழைவு தகுதி அடிப்படை என்றார்கள். ஆனால் உள்ளே போகும் முக்கிய வழி இரண்டு, ஒரு வருஷ மெட்ரிகுலேஷனும் ஒன்றரை வருஷ எஸ்.டி.பி.எம்.மும், அதில் சுருக்கு வழியான மெட்ரிகுலேஷனில் பூமிபுத்ராக்களுக்கு 90 சதவீதம், மற்றவர்களுக்கு 10 என்ற பங்கீடு. 2019ல் இடங்களை 25,000த்திலிருந்து 40,000 ஆக உயர்த்தியபோதும் விகிதத்தைத் தொடவில்லை. 2024ல் 10 ஏவும் அதற்கு மேலும் எடுத்தவர்களுக்கு இனம் பாராமல் இடம் என்று பிரதமர் அறிவித்தார், உங்கள் மகள் அந்தக் கோட்டுக்கு ஒரு ஏ கீழே நின்றுவிட்டாள். இரண்டு வெவ்வேறு பரீட்சைகளின் புள்ளியை ஒரே தராசில் வைத்துவிட்டுத் தகுதி என்று சொல்வது சரியா என்ற கேள்வி நியாயமானது, நடைமுறை பற்றிய கேள்வி அது, கேட்கலாம்.

அந்த இன்னொரு வருத்தத்தில் மட்டும் நான் உங்கள் பக்கம் இல்லை. இனம் பார்த்துக் கொடுக்காதே, தேவை பார்த்துக் கொடு என்பதுதானே நம் எல்லாருடைய வாதமும்? அந்த உபகாரச் சம்பளக் குழு அதைத்தான் செய்திருக்கிறது. தேவை பார்க்கும்போது வரிசையில் நமக்கு முன்னால் இன்னொருவர் வந்து நிற்பார் என்பதை மறந்துவிட்டுக் கேட்டிருக்கிறோம். சிறந்த புல்லாங்குழல் சிறப்பாக வாசிப்பவனுக்கே சேரவேண்டும், அழகனுக்கோ பெரிய குடும்பத்தானுக்கோ இல்லை என்று அரிஸ்டாட்டில் சொன்னது பிரபலம், எதற்காக அந்தப் பொருள் இருக்கிறதோ அதை வைத்து யாருக்கு என்று முடிவு செய் என்பது கருத்து. வாசிக்கக் கொடுக்கிற குழலுக்கு அது சரி, கற்றுக்கொள்ளக் கொடுக்கிற குழலுக்கு? அறுவை சிகிச்சை செய்யும் உரிமம் கொடுக்கும் பரீட்சையில் நான் யாருக்கும் ஒரு புள்ளிகூட விட்டுக்கொடுக்கமாட்டேன், எந்த வீட்டிலிருந்து வந்தாலும் சரி. படிக்க உதவும் பணம் அந்த ரகம் இல்லை.

குழுவில் எங்கள் முன்னால் வந்த விண்ணப்பங்களில் ஒரு பக்கம் நான்கு பாடத்துக்கு டியூஷன், தனி அறை, அப்பா காரில் கொண்டுபோய் விடுவார், எல்லாம் ஏ. இன்னொரு பக்கம் அம்மா துப்புரவு வேலை, தம்பி தங்கையைப் பார்த்துக்கொண்டு, வார இறுதியில் கடையில் நின்று, 6 ஏ. யார் கெட்டிக்காரர் என்று அந்தத் தாளிலிருந்து கண்டுபிடிக்க முடியும் என்று சொல்பவரை நான் நம்பமாட்டேன். இந்தப் பணம் கொடுக்காவிட்டாலும் முதல் பிள்ளை படித்துவிடும், இரண்டாவது பிள்ளை படிக்காது, இது மட்டும் தாளில் தெரிந்தது. படிப்பைப் பாதியில் விட்டவர்களும் உண்டு, நான் பார்த்தவரை பெரும்பாலும் அது பாடம் புரியாததால் நடக்கவில்லை, தங்குமிடக் காசும் போக்குவரத்துக் காசும் தீர்ந்ததால் நடந்தது. ஆனால் என் கண்ணில் பட்டது ஒரு சின்ன நிதியில் வந்த பிள்ளைகள் மட்டும், அதை வைத்து நாட்டுக்கே விதி எழுத முடியாது. தேவையை மட்டும் பார்த்து, படித்து முடிக்கும் அடிப்படை இருக்கிறதா என்று பார்க்காமல் கொடுப்பதும் அந்தப் பிள்ளைக்குச் செய்யும் கெடுதல்தான்.

புள்ளிக்கு எவ்வளவு எடை, தேவைக்கு எவ்வளவு எடை என்று கேட்டால் தத்துவத்தில் சூத்திரம் கிடையாது. ரால்ஸிடமும் கிடையாது, அவர் திசை காட்டுவார், சதவீதம் சொல்லமாட்டார். எங்கள் குழுவில் அதை வாக்கெடுத்துத்தான் முடிவு செய்தோம், ஒவ்வொரு வருஷமும் சண்டைதான். நான் பிடிவாதமாக நின்றது ஒன்றில், எந்த அளவுகோல் என்பதை விண்ணப்பம் வாங்குவதற்கு முன்பே அச்சிட்டு வெளியே போடவேண்டும். உங்கள் மகளுக்கு அப்படி எதுவும் சொல்லாமல் கடைசியில் இல்லை என்று மட்டும் சொன்னார்கள் என்றால் அது குறைதான். எழுத்தில் காரணம் கேளுங்கள், அடுத்த வருஷம் விண்ணப்பிக்கும் பிள்ளைக்காவது உதவும்.

ஆறாம் படிவத்தைப் பற்றி நீங்கள் எழுதியிருந்த பயம் அளவுக்கு மீறியது. மூன்று பருவமாகப் பிரித்து எழுதுகிற பரீட்சை, 9 ஏ எடுத்த பிள்ளை திணறிப்போகிற அளவுக்கு ஒன்றும் இல்லை. எந்தப் பாடங்களை எடுப்பது என்பதை அங்கே இப்போது சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்களிடம் கேளுங்கள், என்னிடம் வேண்டாம், நான் தத்துவத்தை எடுக்கச் சொல்லிவிடுவேன்.